உறக்கமும் நிறுத்தமும்

நுழையும்முன்

கருவியொன்றை இயக்கக் கற்பதில் காட்டும் ஆர்வத்தை, அதனை முறையாக நிறுத்தக் கற்பதில் பலரும் காட்டுவதில்லை. பணி முடிந்ததும் மடிக்கணினியின் மூடியைச் சாத்திவிட்டு எழுந்து செல்வது இன்று இயல்பான பழக்கமாகிவிட்டது. மூடப்பட்ட கணினி நின்றுவிட்டதா, உறங்குகிறதா? இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மாணவரின் உழைப்பை எவ்வாறு காக்கிறது? எவ்வாறு இழக்கச் செய்கிறது? மின்தடையையும் புயலையும் எதிர்கொண்ட புதுக்கோட்டை மாவட்டத்தின் பட்டறிவைத் துணைக்கொண்டு இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

மடிக்கணினி வந்த காலம்

தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கப்பட்டது. எல்காட் நிறுவனத்தின் வழியாகக் கொள்முதல் செய்யப்பட்ட மடிக்கணினிகள், அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் மேல்நிலைக் கல்வி பயின்ற மாணவர்களின் கைகளுக்கு வந்து சேர்ந்தன. புதுக்கோட்டை மாவட்டத்தின் கறம்பக்குடி, கந்தர்வகோட்டை, ஆவுடையார்கோவில் போன்ற பகுதிகளின் சிற்றூர்களில், உழவர் வீடுகள் பலவற்றில் நுழைந்த முதல் கணினி அதுவே.

கணினி வந்த காலம் மின்சாரம் குறைந்த காலமாகவும் இருந்தது. 2008ஆம் ஆண்டு முதல் தமிழகம் கடும் மின்பற்றாக்குறைக்கு ஆளாகியிருந்தது. 2012ஆம் ஆண்டில் சென்னைக்கு வெளியே உள்ள மாவட்டங்களில் நாள்தோறும் பல மணி நேரம் மின்சாரம் தடைப்பட்டது. மின்சாரம் வரும் நேரத்தில் மின்கலத்தை நிரப்பிக்கொண்டு, இல்லாத நேரத்தில் அதைச் சிக்கனமாகச் செலவிட வேண்டிய நிலை மாணவர்களுக்கு ஏற்பட்டது. இடையில் எழும்போது கணினியை உறங்கவிடுவதா, முழுவதும் நிறுத்திவிடுவதா என்னும் கேள்வி அவர்களுக்கு வெறும் பழக்கம் பற்றியதாக இருக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்த கட்டுரை எஞ்சுமா, எஞ்சாதா என்பதை முடிவுசெய்யும் கேள்வியாக அது இருந்தது.

மணலும் ஓலையும்

இக்கேள்விக்கு விடைகாணக் கணினி எதனை எங்கே நினைவில் வைக்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். பழந்தமிழகத்தின் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலைப் பரப்பி அதன்மேல் விரலால் எழுதிப் பழகினர். எழுதுவதும் அழிப்பதும் எளிது. ஆயினும் காற்று வீசினால் எழுத்து கலைந்துவிடும். நிலைபெற வேண்டியவற்றை ஓலையில் எழுத்தாணியால் கீறினர். ஓலையில் எழுதுவதற்கு நேரம் மிகுதியாகும், எழுதியது கலையாது.

கணினிக்குள்ளும் இவ்வாறு மணலும் ஓலையும் உண்டு. திறந்து வைத்திருக்கும் கட்டுரை, கணக்கு, படம் ஆகிய யாவும் முதலில் தற்காலிக நினைவகத்தில் இருக்கின்றன. அது மணல் போன்றது. அந்நினைவகத்தில் ஒவ்வொரு துளித் தகவலும் மிக நுண்ணிய மின்தேக்கியொன்றில் மின்னூட்டமாகத் தங்குகிறது. அம்மின்னூட்டம் கசிந்துகொண்டே இருப்பதால், பொதுவாக 64 மில்லி நொடிக்கு ஒருமுறையேனும் அதனைப் புதுப்பிக்க வேண்டும். ஒரு நொடிக்குள் ஏறத்தாழப் பதினைந்து முறை எழுத்தின்மேல் எழுத்தாக மீண்டும் எழுதுவதற்கு இது நிகராகும். மின்சாரம் நின்றால் புதுப்பித்தலும் நிற்கும், எழுத்து கலையும்.

வன்தட்டும், இன்றைய கணினிகளில் அதன் இடத்தைப் பிடித்துள்ள திண்மநிலைச் சேமிப்பகமும் ஓலை போன்றவை. மின்சாரம் இல்லாதபோதும் அவற்றில் பதிந்தது அப்படியே இருக்கும். ‘சேமி’ என்னும் கட்டளையை அழுத்தும்போது, மணலில் இருந்தது ஓலைக்கு எழுதப்படுகிறது. புதுக்கோட்டையை அடுத்த குடுமியான்மலையில் பாறையில் பொறிக்கப்பட்ட இசைக்கல்வெட்டின் சுரங்கள் நூற்றாண்டுகள் கடந்தும் படிக்கக் கிடைக்கின்றன. பதியப்பட்டது நிலைக்கும் என்பதற்கு அருகிலேயே உள்ள சான்று அது.

மூவகை நிலைகள்

கணினியின் பணியை இடைநிறுத்த மூன்று வழிகள் உள்ளன. திரையில் ‘ஸ்லீப்’ எனக் காணப்படுவது உறக்கநிலை. இந்நிலையில் திரை அணைகிறது. மையச் செயலகம் ஏறத்தாழ முற்றிலும் ஓய்கிறது. வன்தட்டின் சுழற்சி நிற்கிறது. தற்காலிக நினைவகத்துக்கு மட்டும் சிறிதளவு மின்சாரம் சென்றுகொண்டிருக்கும். ஆகவே விசையை அழுத்தியதும் சில நொடிகளில் விட்ட இடத்திலிருந்து பணியைத் தொடரலாம். மணலில் எழுதியது மணலிலேயே இருக்கிறது. காற்று புகாமல் ஒருவர் காவல் நிற்கிறார் என இதனைக் கொள்ளலாம்.

‘ஹைபர்னேட்’ எனக் காணப்படுவது ஆழ்துயில் நிலை. இதில் தற்காலிக நினைவகத்தில் உள்ளவை முழுவதும் வன்தட்டில் படியெடுக்கப்படுகின்றன. அதன்பின் கணினி அணைந்துவிடுகிறது. மீண்டும் இயக்கும்போது அப்படியிலிருந்து அனைத்தும் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. எழுந்துவர உறக்கநிலையைவிடச் சற்றுக் கூடுதலான நேரம் ஆகும். ஆனால், நினைவைக் காக்க மின்சாரம் வேண்டுவதில்லை. கணினிகள் பலவற்றில் இத்தெரிவு தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாது; மின்மேலாண்மை அமைப்புகளுக்குச் சென்று அதனை வெளிக்கொணர வேண்டும்.

மூன்றாவது, ‘ஷட் டவுன்’ எனப்படும் முழுநிறுத்தம். திறந்திருக்கும் செயலிகள் அனைத்தும் மூடப்பட்டு, தற்காலிக நினைவகம் வெறுமையாகிறது. சேமிக்கப்பட்டவை மட்டுமே எஞ்சும். அடுத்த முறை கணினி புதிதாகத் தொடங்கும்.

இம்மூன்று நிலைகளையும் ஒரே ஒழுங்குக்குள் கொண்டுவரும் பொதுவிதிகளை இன்டெல், மைக்ரோசாப்ட், தோஷிபா ஆகிய நிறுவனங்கள் இணைந்து 1996ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியிட்டன. அதன்பின் வந்த கணினிகளில் உறக்கமும் எழுச்சியும் இயங்குதளத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தன.

தெரிந்து தெளிவோம்

2012ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 8 இயங்குதளம், ‘விரைவுத் தொடக்கம்’ என்னும் முறையை அறிமுகப்படுத்தியது. இம்முறை செயற்பாட்டில் இருந்தால், நிறுத்தும்போது பயனரின் செயலிகள் மூடப்படும். ஆனால், இயங்குதளத்தின் உட்கரு வன்தட்டில் படியெடுக்கப்பட்டு, அடுத்த தொடக்கத்தில் அப்படியே மீட்கப்படும். ஆகவே கணினி தடுமாறும்போது அதனை நிறுத்தி இயக்குவதைவிட, ‘ரீஸ்டார்ட்’ எனப்படும் மறுதொடக்கமே உட்கருவையும் புதிதாகத் தொடங்கச் செய்யும்.

பழைய அச்சத்தின் வேர்

“அடிக்கடி அணைத்துப் போட்டால் கணினி கெட்டுவிடும்” என்னும் கருத்து இன்றும் பலரிடம் நிலவுகிறது. அக்கருத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1946ஆம் ஆண்டு அமெரிக்காவில் மக்களுக்கு அறிமுகம் செய்யப்பட்ட எனியாக் என்னும் கணினி, ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழல்களைக் கொண்டிருந்தது. இயங்க 150 கிலோவாட் அளவு மின்சாரம் தேவைப்பட்டது. அக்குழல்கள் இயக்கும்போது சூடாகியும் அணைக்கும்போது குளிர்ந்தும் விரிவதும் சுருங்குவதுமாக இருந்தமையால், பெரும்பாலான பழுதுகள் அவ்விரு வேளைகளிலேயே நேர்ந்தன. எனவே அதனை அணைக்காமல் வைத்திருப்பதே நல்லது எனப் பொறியாளர்கள் கண்டனர். 1947ஆம் ஆண்டு முதல் 1955ஆம் ஆண்டு அக்டோபர் 2 வரை அது தொடர்ந்து இயக்கத்தில் வைக்கப்பட்டது.

எனியாக்குக்குப் பொருந்திய உண்மை இன்றைய கணினிக்குப் பொருந்தாது. வெற்றிடக் குழல்களின் இடத்தைச் சிலிக்கான் சில்லுகள் பிடித்துவிட்டன. இன்றைய வன்தட்டுகள் பல்லாயிரம் முறை நின்று தொடங்குவதைத் தாங்கும்வகையில் வடிவமைக்கப்படுகின்றன. திண்மநிலைச் சேமிப்பகத்திலோ சுழலும் பகுதியே இல்லை. காரணம் மறைந்த பின்னும் அச்சம் மட்டும் தங்கிவிட்டது. அறிவுரையொன்றைக் கேட்கும்போது அது எக்காலத்துக்கு, எக்கருவிக்குச் சொல்லப்பட்டது என வினவும் பழக்கம் அறிவியல் மனப்பான்மையின் தொடக்கமாகும்.

மின்சாரக் கணக்கு

பள்ளிக் கணினி ஆய்வகம் ஒன்றில் 20 மேசைக்கணினிகள் உள்ளன எனக் கொள்க. மாலை 5 மணிக்கு ஆய்வகம் மூடப்பட்டு மறுநாள் காலை 9 மணிக்குத் திறக்கப்படுகிறது. இடைப்பட்ட நேரம் 16 மணி. வேலையின்றி இயங்கிக்கொண்டிருக்கும் கணினி 60 வாட், உறங்கும் கணினி 3 வாட், நிறுத்தப்பட்டும் மின்இணைப்பில் உள்ள கணினி 1 வாட் எடுத்துக்கொள்கின்றன என்று வைத்துக்கொண்டால், ஓர் இரவுக்கான கணக்கு பின்வருமாறு அமையும். இவ்வளவுகள் கணினிக்குக் கணினி மாறும்.

இயங்கும் நிலை: 20 × 60 × 16 = 19,200 வாட்மணி; அதாவது 19.2 அலகு.
உறக்கநிலை: 20 × 3 × 16 = 960 வாட்மணி; அதாவது 0.96 அலகு.
முழுநிறுத்தம்: 20 × 1 × 16 = 320 வாட்மணி; அதாவது 0.32 அலகு.

ஆண்டுக்கு 200 இரவுகள் எனக் கணக்கிட்டால் முறையே 3,840 அலகும் 192 அலகும் 64 அலகும் செலவாகும். சுவரில் உள்ள மின்விசையையும் அணைத்துவிட்டால் கடைசி எண் சுழியாகும்.

இக்கணக்கு இரண்டு உண்மைகளைக் காட்டுகிறது. ஒன்று, கணினியை வெறுமனே இயங்கவிடுவதே பெரும் வீண்செலவு. மற்றொன்று, உறக்கத்துக்கும் நிறுத்தத்துக்கும் இடையே உள்ள மின்செலவு வேறுபாடு அவ்வளவு பெரிதன்று. ஆகவே இவ்விரண்டுள் எதனைத் தெரிவது என்னும் வினாவை மின்கட்டணம் மட்டும் தீர்மானிப்பதில்லை.

மடிக்கணினியில் கணக்கு வேறாகிறது. மின்இணைப்பிலிருந்து கழற்றப்பட்டு உறங்கும் மடிக்கணினி 1 வாட் எடுத்துக்கொள்கிறது எனக் கொண்டால், 16 மணி நேரத்தில் செலவாவது 16 வாட்மணியே. வீட்டு மின்கட்டணத்தில் அது கண்ணுக்கே தெரியாது. ஆனால், மின்கலத்தின் கொள்ளளவு 40 வாட்மணி என்றால், அதில் ஐந்தில் இரண்டு பங்கு ஓர் இரவிலேயே தீர்ந்துவிடும். வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்கு மின்கலம் முழுவதும் நிரம்பிய நிலையில் மூடப்பட்ட மடிக்கணினி, 40 மணி நேரத்தில், அதாவது ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணிக்கு வற்றிவிடும். திங்கட்கிழமை திறக்கும் மாணவர், தாம் சேமிக்காமல் விட்ட பக்கங்களை இழந்திருப்பார். மின்கலம் வற்றும் தறுவாயில் தாமாகவே ஆழ்துயிலுக்குச் செல்லும் கணினிகளும் உள்ளன. ஆயினும், மின்கலம் பழையதாகித் திடீரென ஓயுமானால் அதற்கும் நேரம் இராது.

புயல் தந்த பாடம்

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. கடற்கரையோடு நில்லாமல் உள்நாட்டுக்குள்ளும் வலிமையோடு நகர்ந்த அப்புயலால் புதுக்கோட்டை மாவட்டம் பெரும் இழப்புக்கு உள்ளானது. தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் ஊர் ஊராக முறிந்து விழுந்தன. மாநிலத்தின் பிற பகுதிகளிலிருந்தும் வந்த மின்வாரியப் பணியாளர்கள் இரவுபகலாக உழைத்தபோதும், பல சிற்றூர்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று.

அத்தகைய வேளையில் உறக்கநிலையின் இயல்பு தெளிவாக விளங்கும். ‘மின்சாரம் தொடர்ந்து இருக்கும்’ என்னும் நம்பிக்கையின்மேல் நிற்பது உறக்கநிலை. அந்நம்பிக்கை பொய்க்குமானால், மேசைக்கணினியில் உறங்கிய பணி அந்நொடியிலேயே கலைந்துவிடும். மடிக்கணினியில் மின்கலம் தாங்கும் வரை மட்டுமே தங்கும். மின்காப்புக் கருவியான யு.பி.எஸ். பொருத்தப்பட்ட ஆய்வகத்திலும், அதன் மின்கலம் தீரும் வரையே பாதுகாப்பு. ஆழ்துயிலுக்கும் நிறுத்தத்துக்கும் அந்நம்பிக்கை தேவையில்லை. மின்சாரம் ஒரு நாள் கழித்து வந்தாலும் ஒரு மாதம் கழித்து வந்தாலும் வன்தட்டில் பதிந்தது அங்கேயே இருக்கும்.

மின்கலத்தின் நலம்

மின்கலத்தின் நலனும் இங்கு எண்ணத்தக்கது. மடிக்கணினிகளில் உள்ள இலித்தியம் அயனி மின்கலத்துக்கு இரண்டு பகைகள் உண்டு. ஒன்று வெப்பம், மற்றொன்று முற்றிலும் வற்றிய நிலையில் நெடுநாள் கிடத்தல். முழுவதும் வற்றியபின் மாதக்கணக்கில் அலமாரியில் வைக்கப்பட்ட மின்கலம், மீண்டும் மின்னேற்ற முயன்றாலும் ஏற்க மறுக்கக்கூடும். கோடை விடுமுறைக்கு மடிக்கணினியை எடுத்துவைப்போர், மின்கலத்தை ஏறத்தாழப் பாதியளவு நிரப்பி, கணினியை முழுவதும் நிறுத்தி, நிழலான இடத்தில் வைத்தல் நன்று. உறக்கநிலையில் எடுத்துவைத்தால் அது சில நாள்களிலேயே மின்கலத்தை வற்றச் செய்துவிடும்.

பையில் வைத்து எடுத்துச் செல்வதிலும் கவனம் தேவை. அண்மைக் காலக் கணினிகள் சில, திறன்பேசியைப் போலவே உறக்கத்திலும் இணையத்தோடு தொடர்பு கொண்டு செய்திகளையும் இற்றைப்படுத்தல்களையும் பெறுகின்றன. அத்தகைய கணினி மூடிய பைக்குள் விழித்துக்கொண்டால், வெப்பம் வெளியேற வழியின்றிச் சூடேறும். பொன்னமராவதியிலிருந்து புதுக்கோட்டைக்கு நண்பகல் வெயிலில் பேருந்தில் செல்லும் மாணவர், கணினியை நிறுத்திவிட்டுப் பையில் வைப்பதே முறை.

தெரியுமா?

இலித்தியம் அயனி மின்கலத்தை உருவாக்கியமைக்காக ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இந்தியாவில் ஆண்டுதோறும் டிசம்பர் 14ஆம் நாள் தேசிய ஆற்றல் சேமிப்பு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

எப்போது எது?

அமெரிக்க ஆற்றல் துறை பயனர்களுக்குக் கூறும் அறிவுரை எளிமையானது: 20 நிமிடங்களுக்கு மேல் பயன்பாடு இல்லையெனில் திரையை அணைக்கலாம், 2 மணி நேரத்துக்கு மேல் இல்லையெனில் திரையோடு கணினியையும் நிறுத்தலாம். மின்தடை அரிதான நாட்டுக்குரிய அவ்வறிவுரையோடு, நம் ஊருக்குரிய இரண்டு வினாக்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எப்போது திரும்பி வருவோம்? அதுவரை மின்சாரம் இருக்கும் என்பது உறுதியா?

உணவு இடைவேளை போன்ற சிறுபொழுதுக்கு, மின்கலமும் போதிய அளவு இருப்பின், உறக்கநிலை ஏற்றது. பணி பாதியில் நிற்க, திறந்துள்ள பக்கங்கள் பலவாக இருந்து, திரும்பும் நேரமும் மின்வழங்கலும் உறுதியற்றனவாயின் ஆழ்துயில் ஏற்றது. இரவுக்கும் பயணத்துக்கும் இடிமழைக்கும் விடுமுறைக்கும் முழுநிறுத்தம் ஏற்றது. இடிமழையின்போது மின்செருகியையும் கழற்றிவிடுதல் வேண்டும். நிறுத்தாமலேயே பல நாள் பயன்படுத்தப்படும் கணினியை இடையிடையே மறுதொடக்கம் செய்தால், தேங்கிய சிறு பிழைகள் நீங்கும். காத்திருக்கும் பாதுகாப்பு இற்றைப்படுத்தல்களும் நிறைவுறும்.

எந்நிலையைத் தெரிவுசெய்தாலும் அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்றே: சேமித்தல். சேமித்தவருக்கு உறக்கமும் நிறுத்தமும் வசதி பற்றிய தெரிவுகள். சேமிக்காதவருக்கு அவை உழைப்பைப் பணயம் வைக்கும் தெரிவுகள்.

நிறுத்தக் கற்றல்

புதுக்கோட்டை மாவட்டம் கருவிக் கல்வியில் முன்னோடியான மண். 1990களின் தொடக்கத்தில் இங்கு நடைபெற்ற அறிவொளி இயக்கம், எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டுதலையும் பெண்களிடையே பரப்பியது. வயல்வேலைக்கும் கல்குவாரிக்கும் சென்றுவந்த பெண்கள் ஆயிரக்கணக்கில் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். அதனால் பிறரை எதிர்பாராமல் சந்தைக்கும் பள்ளிக்கும் பணியிடத்துக்கும் சென்றுவரும் உரிமையைப் பெற்றனர். ஓட்டக் கற்றவர் நிறுத்தவும் கற்ற பின்னரே தம்மை நம்பித் தெருவில் இறங்க முடியும்.

கணினிக்கும் இது பொருந்தும். திரையில் தோன்றும் மூன்று சொற்களுள் ஒன்றை அழுத்துவது சிறு செயலே. ஆயினும், அதன்பின் கருவிக்குள் நிகழ்வது யாதென அறிந்து அழுத்துபவர், மின்சாரத்தையும் மின்கலத்தையும் தம் உழைப்பையும் ஒருசேரக் காக்கிறார்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளிக் கணினி ஆய்வகத்தில் உள்ள கணினிகளின் எண்ணிக்கையைக் கொண்டு, ஓர் இரவுக்கான மின்செலவை மூன்று நிலைகளிலும் கணக்கிட்டு அட்டவணைப்படுத்துக.
2. ‘கணினியை எவ்வாறு நிறுத்துவது?’ என்னும் தலைப்பில், உங்கள் ஊரின் மின்வழங்கல் நிலைக்கேற்ற அறிவிப்புப் பலகை ஒன்றை எழுதி ஆய்வகத்தில் வைக்க.

குறுவினா

1. தற்காலிக நினைவகம் மணலோடு ஒப்பிடப்படுவது ஏன்?
2. எனியாக் கணினியைத் தொடர்ந்து இயக்கத்தில் வைத்தமைக்குக் காரணம் யாது?

சிறுவினா

1. உறக்கநிலைக்கும் ஆழ்துயில் நிலைக்கும் உள்ள வேறுபாடுகளைத் தொகுத்துரைக்க.
2. ‘இவ்வினாவை மின்கட்டணம் மட்டும் தீர்மானிப்பதில்லை’ – இக்கூற்றைக் கணக்கீட்டின் துணையோடு விளக்குக.

நெடுவினா

புயலும் மின்தடையும் நேரும் ஊரில் வாழும் மாணவர், கணினியின் மூவகை நிலைகளையும் எவ்வாறு தேர்ந்து பயன்படுத்த வேண்டும் என்பதைத் தக்க சான்றுகளுடன் கட்டுரையாக வரைக.